வட்டாரவாசிகள்

நல்ல மனசுக்காரர்கள் என்றால் எனக்கு ஒரு பயம் உண்டு. கெட்டவர்களோடு சண்டை போட்டுவிட்டு வந்துவிடலாம். நல்லவர்கள் உட்காரவைத்துக் காபி கொடுத்துவிடுகிறார்கள். மயிலாப்பூரில் மாடவீதிக்குப் பின்னால், ஓர் ஆடிட்டர் ஆபீஸின் மாடியில் இருக்கும் வட்டார அறக்கட்டளையில் நான் அப்படி நிறையக் காபி குடித்திருக்கிறேன். நல்ல காபி. அதையும் சொல்லாமல் விட்டால் பாவம்.

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர்கள், மயிலாப்பூர் ஆடிட்டர்கள், அடையாறில் ஓய்வு பெற்ற அதிகாரிகள் எல்லாம் சேர்ந்து ஆரம்பித்த அறக்கட்டளை அது. எங்கோ இருக்கிற பெரிய நிறுவனத்துக்குக் கொடுத்தால் பணம் போகிற இடம் தெரிவதில்லை; நம் வட்டாரத்துப் பணம் நம் வட்டாரத்தில் வேலை செய்கிற சின்ன அமைப்புகளுக்குப் போகட்டும் என்பது கொள்கை. கொள்கையைக் கேட்டபோது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆபீஸ் சுவரில் சென்னை வரைபடம் ஒன்றை மாட்டி, அதில் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்திருந்தார்கள். வடக்கே ராயப்பேட்டை, மேற்கே மாம்பலம் ஸ்டேஷன், தெற்கே அடையாறு பஸ் டெப்போ. கிழக்கே கடல் இருந்ததால் கோடு தேவைப்படவில்லை. அந்தக் கோட்டுக்குள் நடக்கிற நல்ல காரியங்களுக்கு மட்டும் பணம்.

அதற்கு ஒரு பஞ்சாங்கமே வைத்திருந்தார்கள். பொங்கல் முடிந்ததும் விண்ணப்பம் போட வேண்டும். மாசியில் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். பங்குனி வெயிலில் குழுவாக வந்து இடத்தைப் பார்ப்பார்கள். சித்திரையில் ஒரு சபா ஹாலில் விழா எடுத்து, ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸில் அடித்த காசோலையைக் கையில் கொடுத்துப் பொன்னாடை போர்த்துவார்கள். விண்ணப்பித்தவர்கள் எல்லோரும், கிடைக்காதவர்கள் உட்பட, விழாவுக்கு வந்து கடைசிவரை இருந்து கைதட்ட வேண்டும் என்பது எழுதாத விதி.

நான் நடத்தியது ஒரு பால்வாடி. மந்தைவெளியிலிருந்து ஆற்றுப் பக்கம் இறங்குகிற சந்தில், வாடகைக்கு எடுத்த இரண்டு அறை. ஆற்றோரக் குடிசைகளிலிருந்து வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் விடியற்காலையில் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு மத்தியானம் தூக்கிக்கொண்டு போவார்கள். நானும் ஓர் ஆயாம்மாவும் பார்த்துக்கொண்டோம்.

எனக்குக் குழந்தைகள் என்றால் உயிர் என்றெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்துப் பார்த்துக் குழந்தைகளிடம் எனக்கு அலுப்புதான் மிச்சம். பால்வாடி ஆரம்பித்ததற்குக் காரணம் வேறு. மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பில் நன்றாகப் படித்துக்கொண்டிருக்கிற பெண் திடீரென்று காணாமல் போவாள். ஒரு வாரம் கழித்துத் தெருவில் பார்த்தால், இடுப்பில் அவளைவிடக் கொஞ்சம்தான் சின்னதாக ஒரு பிள்ளை இருக்கும். “தம்பிய பாத்துக்கினு இருக்கேன் மிஸ்” என்பாள். அதற்கப்புறம் அவள் வரமாட்டாள். என் உத்தியோக காலம் முழுவதும் வருகைப் பதிவில் அப்படிப்பட்ட பெயர்களை அடித்து அடித்து எனக்கு வெறுத்துப்போயிருந்தது. எங்கள் பால்வாடி உண்மையில் தொட்டிலில் கிடக்கிற தம்பிக்காக இல்லை, பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய அவனுடைய அக்காவுக்காக.

அறக்கட்டளை எங்களுக்குத் தொடர்ந்து இரண்டு வருடம் பணம் கொடுத்தது. ஆயாம்மாவுக்குச் சம்பளம் என்று எழுதினால் கொடுக்கமாட்டார்கள். சம்பளம் என்ற சொல் அவர்களுக்கு ஆகாது. நாற்காலி, மின்விசிறி, தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி என்று பெயர் பொறிக்க இடமுள்ள பொருளாக இருந்தால் மனம் குளிரும். ஆயாம்மாவின் நெற்றியில் பெயர் பொறிக்க முடியாது அல்லவா? கடைசியில் அவள் சம்பளத்தை ‘மழலையர் மேம்பாட்டுச் செயல்பாடு’ என்று எழுத அவர்களே சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் வாசலில் மாட்டச் சொல்லிக் கொடுத்த போர்டு, வாசலைவிட அகலமாக இருந்தது. மாட்டினேன். ரோஷம் பார்த்தால் வாடகை யார் கொடுப்பது?

மூன்றாவது வருடம் ஆற்றோரத்துக் குடிசைகளை எடுத்துவிட்டார்கள். வெள்ளம் வந்தால் ஆபத்து, அதனால் மாற்று வீடு என்று சொல்லி எல்லோரையும் லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளில் கொண்டுபோய் இறக்கினார்கள். வீடுதான் போயிற்று, வேலை போகவில்லை. மயிலாப்பூரின் எச்சில் பாத்திரங்கள் பெரும்பாக்கத்துக்குக் குடிபெயரவில்லையே. அந்தப் பெண்கள் இருட்டோடு எழுந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு அதே வீடுகளுக்கு வந்தார்கள். பெரும்பாக்கத்திலும் அரசாங்க அங்கன்வாடி இருந்தது. ஆனால் அது திறக்கிற நேரத்தில் இவர்கள் இரண்டு வீட்டு வேலையை முடித்திருப்பார்கள். ஆகவே முன்னைவிட இப்போதுதான் எங்கள் இரண்டு அறை அவர்களுக்கு அதிகமாகத் தேவைப்பட்டது.

அவர்களில் ஒருத்திக்கு நான்காம் வகுப்பு படிக்கிற ஒரு மகளும், இன்னும் இரண்டு வயதாகாத மகனும். புருஷன் எங்கே என்று நான் கேட்டதில்லை; அவளும் சொன்னதில்லை. மூன்று பேருமாக மந்தைவெளியில் பஸ் இறங்குவார்கள். பையன் எங்களிடம். பெண் எங்கள் வாசலிலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு, மணியடிக்கிற நேரத்துக்குப் பக்கத்து மாநகராட்சிப் பள்ளிக்கு ஓடுவாள். கணக்கு அவளுக்குச் சாக்லேட் மாதிரி. பெரும்பாக்கத்துப் பள்ளிக்கு மாற்றலாமே என்று நான் சொன்னபோது அம்மாக்காரி, “வேணாம் டீச்சர், இந்த மிஸ்ஸு இத்த நல்லா பாத்துக்குது. நா வேலைக்கு வர்ற பக்கமே இருந்தா எனுக்கும் தெகிரியமா கீது” என்றாள்.

அந்த வருட மாசியில் என்னைக் கேள்வி கேட்கக் கூப்பிட்டார்கள். குழுவுக்குத் தலைவர், கீழே ஆபீஸ் வைத்திருந்த அந்த ஆடிட்டர்தான். கோபமே வராத மனிதர். கோபம் வராதவர்களிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதை அப்போது நான் கற்றுக்கொண்டிருக்கவில்லை.

“இம்பாக்ட் என்னங்க டீச்சர்?” என்று கேட்டார்.

பால்வாடி இருப்பதால் அக்காக்கள் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்பதில்லை, அதுதான் இம்பாக்ட் என்று சொன்னேன். என் வகுப்பிலிருந்து காணாமல் போன பெண்களைப் பற்றிச் சொன்னேன். எல்லோரும் பரிவோடு தலையாட்டினார்கள். தலைவர் என் விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்தார்.

“ஆனா அந்த அக்காக்கள் உங்க பயனாளிகள் பட்டியல்ல இல்லையே” என்றார்.

பட்டியலில் இருந்தது குழந்தைகள்தான் என்று ஒப்புக்கொண்டேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டார். காபி வந்தது.

பங்குனியில் இடத்தைப் பார்க்க வந்தார்கள். தலைவர், குழுவில் இன்னும் இரண்டு பேர், ஒரு மாமி. மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கச்சேரி ரோட்டுப் பக்கம் வீடு, வெளிநாட்டில் பிள்ளைகள், கையில் நேரமும் மனசில் ஈரமும் உள்ளவர். எங்களுக்கு இரண்டு தொட்டில் தன் சொந்தப் பணத்தில் வாங்கிக் கொடுத்தவர். அறக்கட்டளையில் எனக்காகப் பேசுகிறவர் யாராவது இருந்தால் அது அவர்தான். அன்றைக்கும் வந்ததும் வராததுமாக ஒரு குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, பட்டுப்புடவையை நனைத்துவிட்டதற்குச் சிரித்தார். சரி, இந்த வருடமும் தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அந்த அம்மாக்காரி வந்தாள். ஒரு வீட்டு வேலைக்கும் அடுத்த வீட்டு வேலைக்கும் நடுவில் பையனைப் பார்த்துவிட்டுப் போவது அவள் வழக்கம். உள்ளே காலை வைத்தவள் மாமியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“அடடே, நீயா!” என்றார் மாமி. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “உன் குழந்தை இங்கேயா இருக்கு? சொல்லவே இல்லையே!” என்று கேட்டவர், தலைவர் பக்கம் திரும்பி, பெருமையோடு அவளை அறிமுகப்படுத்தினார். “இவ எங்காத்துலதான் வேலை பண்றா சார். எப்பேர்ப்பட்ட பொண்ணு தெரியுமோ? பெரும்பாக்கத்துலேர்ந்து கருக்கல்லயே கெளம்பி, ரெண்டு பஸ் மாறி, கைக்குழந்தையையும் தூக்கிண்டு வரா. ஒரு நாள் மட்டம் போட்டது கெடையாது. இவளை மாதிரி இருக்கறவாளுக்குத்தான் நாம செய்யணும்.”

“பெரும்பாக்கமா?” என்றார் தலைவர்.

அந்த ஒரு சொல்லில் எனக்கு விளங்கிவிட்டது. மாமிக்கு விளங்கவில்லை. “ஆமாம் சார், அவ்வளவு தூரம்!” என்று இன்னும் அழுத்திச் சொன்னார். தூரம் கூடக்கூடப் பெருமையும் கூடும் என்பது அவர் எண்ணம்.

தலைவர் ஆயாம்மாவைப் பார்த்து, மற்றக் குழந்தைகள் எல்லாம் எங்கிருந்து வருகிறார்கள் என்று கேட்டார். அவள் உள்ளதைச் சொன்னாள். “எல்லாம் அங்கதான் சார். இங்க யாரு கீறாங்க? மொத்தத்தையும்தான் லாரில ஏத்திகினு போய் அங்க கொட்டினாங்களே. நா மட்டுந்தான் மாமியார் வூட்ல ஒண்டிகினு கீறேன்.”

“அப்ப இவங்க யாரும் நம்ம வட்டாரவாசிங்க இல்லையே டீச்சர்” என்றார் தலைவர். குரலில் துளி அதட்டல் இல்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார்.

என் விண்ணப்பத்தில் பால்வாடியின் விலாசம் இருந்தது, அது கோட்டுக்கு உள்ளேதான் இருந்தது. குழந்தை தூங்கி எழுகிற வீடும் கோட்டுக்குள் இருக்க வேண்டும் என்று அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. அதைச் சொன்னேன். விதியின் நோக்கம் அதுதான் என்றார். வேலை செய்வது நம் வட்டாரத்து வீடுகளில்தானே என்றேன். வேலை செய்வது வேறு, வசிப்பது வேறு என்றார்.

“இவங்க எங்க போகணும்னு இவங்களா முடிவு பண்ணாங்க? இங்கதானே பரம்பரையா இருந்தாங்க?”

“அது கவர்மெண்ட் விஷயம் டீச்சர். நம்ம ஜனங்க குடுக்கற பணம் நம்ம ஜனங்களுக்குப் போகணும். கோடுன்னு ஒண்ணு போட்டா அதுக்கு ஒரு மரியாதை வேணுமில்லையா? நாளைக்குத் திருவள்ளூர்லேர்ந்து வந்து கேப்பாங்க.”

“உங்க வீட்டுத் தட்டைக் கழுவற கை வட்டாரத்துக்கு உள்ள, அந்தக் கையில இருக்கற குழந்தை மட்டும் வெளியவா?” என்று கேட்டுவிட்டேன்.

“எமோஷனலா பேசாதீங்க” என்றார். பிறகு யோசனை ஒன்றும் சொன்னார். பெரும்பாக்கத்திலேயே ஒன்று ஆரம்பிக்கலாமே, அந்த வட்டாரத்தில் இதேபோல ஓர் அறக்கட்டளை இருக்குமே, அவர்களைக் கேட்டுப் பாருங்கள் என்றார். பெரும்பாக்கத்தில் வட்டார அறக்கட்டளை கிடையாது. அறக்கட்டளை வைக்கிற வகையறாவை யாரும் லாரியில் ஏற்றி அங்கே கொண்டுபோய்க் குடிவைக்கவில்லை. இதை அவரிடம் சொல்ல எனக்கு அப்போது தோன்றவில்லை. நல்ல பதில்கள் எல்லாம் எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் வரும்.

மாமி என்ன நடந்தது என்று புரிந்து, “அது எப்படி சார், எங்காத்துலன்னா வேலை பண்றா...” என்று ஆரம்பித்தார். தலைவர் கையைக் கூப்பி, மீட்டிங்கில் பேசிக்கொள்ளலாம் என்றார். மாமி குழந்தையை ஆயாம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்துகொண்டார். மீட்டிங்கில் அவர் பேசினாரா, என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. ரொம்பப் போராடியதாகப் பின்னால் என்னிடம் சொன்னார். நான் நம்பினேன், நம்பவும் இல்லை.

அந்தப் பெண் இத்தனைக்கும் நடுவில் பையனை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் போனதும், “மாமி என்னப் பத்தி நல்லாதானே சொல்லிச்சு டீச்சர், அந்த சாரு ஏன் மொகத்த அப்டி வச்சிக்கினாரு?” என்று கேட்டாள். நல்லதாகத்தான் சொன்னார் என்றேன்.

சித்திரையில் விழா. போகக் கூடாது என்றுதான் இருந்தேன். அடுத்த வருடம் ஒருவேளை விதி மாறினால் என்ற சபலத்தில் போய் உட்கார்ந்தேன். தெப்பக்குளத்தைச் சுற்றி அலங்கார விளக்கு போடுகிற சங்கத்துக்குக் கொடுத்தார்கள். பூங்காவில் காலையில் நடக்கிறவர்கள் சிரிப்புப் பயிற்சி செய்யக் கூரை போடுவதற்குக் கொடுத்தார்கள். மொட்டைமாடிகளில் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்க மண்சட்டி விநியோகிக்கிற அமைப்புக்குக் கொடுத்தார்கள். வெயிலில் காக்கைக்கும் தாகம் எடுக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காக்கையிடம் யாரும் ரேஷன் கார்டு கேட்கவில்லை. கைதட்டினேன். வெளியே வரும்போது கையில் ஒரு பாக்கெட் மைசூர்பாகு கொடுத்தார்கள். மந்தைவெளி பஸ் ஸ்டாண்டில் அதை ஒரு நாய்க்குப் போட்டேன். அதுவாவது வட்டாரவாசியாக இருந்தது.

அந்த மாதக் கடைசியோடு அறைகளைக் காலி செய்தேன். தெரிந்தவர்களிடம் கேட்டு, என் பென்ஷனிலிருந்தும் போட்டுப் பார்த்தேன். ஓட்ட முடியவில்லை. சில நாள் என் வீட்டிலேயே குழந்தைகளை வைத்துக்கொண்டேன். பக்கவாதத்தில் படுத்திருக்கிற என் கணவருக்கு அந்தச் சத்தம் ஆகவில்லை, அபார்ட்மெண்ட் சங்கத்துக்கும் ஆகவில்லை. லிஃப்டில் மூத்திர வாடை என்று வாட்ஸப்பில் எழுதினார்கள். நிறுத்தினேன்.

அந்தப் பெண்ணிடம் சொன்னபோது அவள் கத்தவில்லை. “இன்னா டீச்சர் இப்டி சொல்றீங்க” என்று மட்டும் கேட்டாள். பிறகு பையனைத் தூக்கிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தாள். அவள் என்ன கணக்குப் போடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. “பெரியவளை மட்டும் நிறுத்திடாதே” என்றேன். “சேச்சே, அதெல்லாம் இல்ல டீச்சர்” என்றாள்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்து கொஞ்ச நாள் இருக்கும். மார்க்கெட்டில் மாமியைப் பார்த்தேன். வாழைத்தண்டு வாங்கிக்கொண்டிருந்தார். பார்க்காத மாதிரி போய்விடலாம் என்று திரும்பினேன், அவரே கூப்பிட்டார். பால்வாடியை மூடியது பற்றி மனசு ஆறவில்லை என்றார். கண்ணில் நீர்கூட வந்தது.

“அந்தக் குழந்தையை எங்காத்துக்கே அழைச்சுண்டு வந்துண்டிருந்தா. நானும் சரின்னுதான் விட்டேன். ஒரு நா பூஜை அலமாரிக்குள்ள கையை விட்டு வெளக்கைத் தள்ளிட்டான். எண்ணெயெல்லாம் கொட்டி, திரி அவன் சட்டை மேல விழுந்து, நல்ல வேளை நான் பக்கத்துலயே இருந்தேன். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடுத்துன்னா? வேண்டாம்மா, கொழந்தையை விட்டுட்டு வான்னு சொல்லிட்டேன்.”

“அப்புறம்?”

“இப்போ பிரச்னையே இல்லை. டயத்துக்கு வந்துடறா. பெரிய பொண்ணு சமத்தாப் பாத்துக்கறதாம்.”

மாமி இதை எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். நானும் நீங்களும் கவலைப்பட்டோமே, பகவான் எப்படி வழி காட்டினார் பார்த்தீர்களா என்கிற முகம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வாழைத்தண்டை வாங்கி நடுரோட்டில் வீசியிருப்பேன். ஒன்றும் செய்யவில்லை. நல்லது மாமி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் காலை, கணவரைப் பார்த்துக்கொள்ளத் தங்கையை வரச் சொல்லிவிட்டுப் பெரும்பாக்கம் போனேன். எல்லாக் கட்டடமும் ஒரே அச்சு. விசாரித்து விசாரித்து ஏறினேன். லிஃப்ட் ஓடவில்லை. மேலே நடையில் வரிசையாகக் கதவுகள், பாதிக் கதவுகளுக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை, அவள் இடுப்பில் ஒரு குழந்தை. வகுப்பறைக்குள் நுழைந்தாற்போல இருந்தது எனக்கு. என் பதிவிலிருந்து நான் அடித்த பெயர்கள் எல்லாம் அங்கே வந்து நின்றுகொண்டிருந்தன.

கதவோரம் நின்றிருந்த பெரியவள் என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வந்தாள். பையன் அவள் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தான். உள்ளே கூப்பிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ஒரு கையால் தம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். பள்ளிக்கூடத்தைப் பற்றி எப்படிக் கேட்பது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தேன். அவளே ஆரம்பித்தாள்.

“நல்லவேளை நீங்க வந்தீங்க டீச்சர். எனுக்கு ஒரு லீவ் லெட்டர் எழுதித் தர்றீங்களா? நீங்க அந்தப் பக்கந்தானே கீறீங்க, எங்க மிஸ் கைல குடுத்துருங்க. லெட்டர் குடுக்காம லீவு போட்டா பேர அடிச்சிருவாங்க.”

பையிலிருந்து பேனாவை எடுத்தேன். அவளே பழைய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழிக்காமல், பின்னை நெம்பி நடுவிலிருந்து பக்குவமாக எடுத்துக் கொடுத்தாள்.

“என்ன காரணம்னு எழுதட்டும்?”

“ஜொரம்னு போடுங்க. தம்பின்னு போட்டா மிஸ்ஸு ஒத்துக்க மாட்டாங்க.”

மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு என்று எழுதினேன். காய்ச்சல் என்று எழுதினேன். கை நின்றது.

“எத்தனை நாளைக்கும்மா?”

அவள் பையனை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு யோசித்தாள்.

“இவன் ஸ்கூலு சேர்ற வரிக்கும் போடுங்க டீச்சர்.”